நாலாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு: ஒரு பருவத்தில் வாசிப்பைக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று கடகடவென்று வாசித்தான். ஒரு திணறல் இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் விரல் இரண்டாவது வரியில் நிற்கிறது, வாய் ஐந்தாவது வரியில் ஓடுகிறது. "இந்தச் சொல்ல மட்டும் படிப்பா" என்று நடுவில் ஒரு சொல்லைக் காட்டினேன். என்னைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருப்பவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டே அவ்வளவையும் மனப்பாடம் செய்திருந்தான். இத்தனை நினைவாற்றல் உள்ள பிள்ளையை மந்தம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுத்தை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான் நடக்காமல் போயிருக்கிறது.

இந்த மாதிரிப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லா ஊர்த் தொடக்கப் பள்ளியிலும் உண்டு. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. அந்த இடைவெளி பெரிய காரணம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்பும் இவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பாடப்புத்தகம் ஆண்டுக்கு ஒரு படி ஏறுகிறது. முதல் படியிலேயே கால் இடறிய பிள்ளைக்காக அது காத்திருப்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தவனுக்கு இரண்டாம் வகுப்பு புரியாது, மூன்றாம் வகுப்பு அதைவிடப் புரியாது. நாலாம் வகுப்பில் அவன் கடைசி வரிசைக்குப் போய்விடுவான்.

நான் சொல்லப்போகும் முறை புதிதல்ல. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை ஒரு மணி நேரம் மறந்துவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதுதான் இதன் அடிப்படை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் இதைச் செய்துகாட்டியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிப்போகும் ஏணிப்படியும் இதே எண்ணத்தில் வந்ததுதான். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்கும் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் இதற்காகத்தான். திட்டம் மேலிருந்து வருகிறது, அட்டைகளும் பயிற்சி நூல்களும் வருகின்றன. நாளை காலை ஒன்பதரை மணிக்கு எந்தப் பிள்ளையிடம் எந்த எழுத்தோடு போய் உட்காருவது என்பதை மட்டும் ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குத்தான் இந்த வழிகாட்டி. ஈராசிரியர் பள்ளியை மனதில் வைத்து எழுதுகிறேன். மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும் வீட்டில் அக்கா அண்ணன்களும்கூட இதைப் பயன்படுத்தலாம்.

படி 1: ஒவ்வொரு பிள்ளையோடும் ஐந்து நிமிடம்

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் தனித்தனியாகப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் என்றால் மூன்று நாளில் முடிந்துவிடும். நன்றாக வாசிக்கிறவர்கள் என்று நீங்கள் நினைப்பவர்களையும் விடாதீர்கள். நான் சொன்ன பையனும் அந்தப் பட்டியலில்தான் இருந்தான்.

ஒரு தாளில் நான்கு பகுதிகளைக் கொட்டையாக எழுதிக்கொள்ளுங்கள். பத்து எழுத்துகள், வரிசையில் இல்லாமல் கலைத்து: ம, கி, ட, பூ, ர, தை, நெ, லா, சு, வோ. பத்துச் சொற்கள்: படம், மாடு, கிளி, பூனை, சட்டை, தேங்காய் மாதிரி. அப்புறம் நாலு வரி:

எங்கள் வீட்டில் ஒரு ஆடு இருக்கிறது. அதன் பெயர் வெள்ளச்சி. அது காலையில் கத்தும். நான் அதற்குத் தழை கொடுப்பேன்.

கடைசியாக எட்டுப் பத்து வரியில் ஒரு சின்னக் கதை. அதை நீங்களே எழுதுங்கள். பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தால் வாசிப்பா மனப்பாடமா என்று தெரியாமல் போய்விடும்.

வகுப்புக்கு வெளியே, தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் அது பரீட்சை ஆகிவிடும். "என்ன சமைச்சாங்க வீட்ல?" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தாளைக் கொடுங்கள். நாலு வரிப் பத்தியில் தொடங்குங்கள். தடையில்லாமல் போனால் கதைக்குப் போகலாம். திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள், அதிலும் திணறினால் எழுத்துகளுக்கு. தப்பாக வாசித்தால் அந்த நேரத்தில் திருத்த வேண்டாம், முகத்திலும் காட்ட வேண்டாம்.

மதிப்பெண் போடாதீர்கள். பிள்ளை எப்படித் தப்பு செய்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மருந்து அதில்தான் இருக்கிறது. 'ல'வை 'வ' என்கிறதா, 'ண'வை 'ன' என்கிறதா? அது வடிவக் குழப்பம். 'கெ'யைக் 'க' என்று வாசிக்கிறதா? அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியும், குறி தெரியாது. ப-ட-ம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "சேத்துச் சொல்லு" என்றால் விழிக்கிறதா? அது கூட்டி வாசிப்பதில் உள்ள சிக்கல். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறதா? பூனை இருக்கும் இடத்தில் பூவை வாசிக்கும். எல்லாவற்றையும் சரியாக வாசித்துவிட்டு, "ஆட்டோட பேரு என்ன?" என்று கேட்டால் பதில் இல்லையா? அது வேறு வேலை, பின்னால் வருகிறேன்.

தாளை மூக்குக்கு ஒட்டிப் பிடிக்கிற பிள்ளை, கண்ணைச் சுருக்குகிற பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால் தனியாகக் குறித்துக்கொண்டு, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி ஒன்று போட்டதும் தீர்ந்துபோகிற சிக்கலுக்காக ஆண்டுக்கணக்கில் திட்டு வாங்கிய பிள்ளைகள் உண்டு.

படி 2: வருகைப் பதிவேட்டை மறுபடி படியுங்கள்

எழுத்து நிலையில் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை எடுத்து, போன ஆண்டுப் பதிவேட்டைப் பக்கத்தில் வையுங்கள். பாதிப் பேருக்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும். கற்பிக்கும் முறையை எவ்வளவு மாற்றினாலும் வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கு அது எட்டாது.

வராத நாள்கள் எவை என்று பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை என்றால் அது சந்தை நாளாக இருக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை நிறுத்தியிருப்பார்கள். அப்படியென்றால் பேச வேண்டியது அங்கன்வாடி ஊழியரிடம். இரண்டு வயது முடிந்த தம்பிக்கு அங்கே இடம் கிடைத்தால் அக்கா பள்ளிக்கு வந்துவிடுவாள். பொங்கலுக்குப் பிறகு நாலைந்து மாதம் மொத்தமாகக் காணவில்லையென்றால் குடும்பம் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருக்கும். பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட முடியுமா, போகும் இடத்தில் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க முடியுமா என்று கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். கிளம்பிய பிறகு பேசி ஒன்றும் ஆகாது.

இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளியே போகாத பத்து வயதுப் பிள்ளை வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுத்து மற்றவர்களோடு சேரவைக்க வேண்டும். ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். உங்கள் ஊர்ச் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் இது பொருந்தும். பள்ளிக்குத் தொலைவான குக்கிராமத்துப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, வழித்துணை ஏற்பாடு உண்டு. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்டு எழுதினால்தான் இவை வந்து சேரும், தானாக வராது.

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த அந்தத் திட்டம் வாசிப்போடு நேரடியாகச் சேர்ந்தது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையிடம் காலை முதல் பாடவேளையில் 'கொ'வும் 'கோ'வும் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பாடு என்று எங்களைக் கேட்டால் தெரியும். இப்போது அந்த முதல் பாடவேளை நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் வாசிப்பு நேரத்தைக் காலையில் வைக்கச் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போகும்போது புகார் சொல்லப் போகாதீர்கள். "உங்க பொண்ணு கணக்குல கெட்டிக்காரி அக்கா, வந்தா இன்னும் நல்லா வரும்" என்று அந்தப் பிள்ளையிடம் நீங்கள் உண்மையாகப் பார்த்த ஒரு நல்ல விஷயத்தில் தொடங்குங்கள். ஆசிரியர் வாசலில் வந்து நின்றாலே அடிதான் விழும் என்று பிள்ளை பயப்படுகிற வீடுகளும் இருக்கின்றன.

படி 3: ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வேலி போடுங்கள்

தினமும் காலையில் ஒரு மணி நேரம், மூன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து உட்கார வேண்டும். எழுத்துக் குழு, சொல் குழு, பத்தியும் கதையும் வாசிக்கும் குழு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஒன்று, இரண்டாம் வகுப்புகளை எடுப்பார். இன்னொருவர் இந்த மூன்று குழுக்களையும் பார்க்க வேண்டும். முடியுமா? முடியும், ஆனால் மூன்றுக்கும் சமமாக நேரம் கொடுக்கக் கூடாது. எழுத்துக் குழுவோடு முப்பது நிமிடம், சொல் குழுவோடு இருபது, கதைக் குழுவோடு பத்து. கதைக் குழுவுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டால் தாமே ஓடுவார்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பதில் சொல்வதால் அவர்களிடமே நின்றுவிடுகிறோம்.

குழுப் பெயர் பிள்ளையின் பெயராகிவிடக் கூடாது. "அரும்புப் பசங்களா, இங்க வாங்க" என்று ஒரு நாள் கூப்பிட்டால் மறுநாள் விளையாட்டில் மற்ற பிள்ளைகள் அதையே பட்டப்பெயராக வைத்துவிடுவார்கள். இடத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள்: "ஜன்னல் பக்கம் உட்கார்றவங்க வாங்க." இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பட்டப்பெயர் ஒட்டாது.

படி 4: எழுத்துக் குழு

உழைப்பு அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், க கா கி கீ ராகத்தை நிறுத்துங்கள். பிள்ளைக்கு அந்தப் பாட்டு தெரியும், எழுத்து தெரியாது. சோதித்துப் பாருங்கள்: கரும்பலகையில் 'கூ' என்று தனியாக எழுதிக் காட்டினால், உதடு மட்டும் அசையும். க, கா, கி, கீ, கு என்று உள்ளுக்குள் பாடி, கூவில் வந்து நிற்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படி ஒரு பாட்டுப் பாடினால் சொல்லை எப்போது கூட்டுவது?

247 எழுத்துகள் என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தவும் வேண்டாம். 12 உயிர், 18 மெய், அப்புறம் சில குறிகள். அவ்வளவு தெரிந்தால் பெரும்பாலான உயிர்மெய்யைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும்.

ஆறு எழுத்துகளில் தொடங்குங்கள்: ட, ப, ம, க, ர, ல. இவற்றோடு புள்ளியைச் சேர்த்தாலே படம், மரம், கடல், பகல், கல், பல் எல்லாம் வந்துவிடும். மூன்றாம் நாள் துணைக்காலை (ா) கொண்டுவாருங்கள். பால், பாடம், காகம், கால், பலகாரம். 'பலகாரம்' என்று ஐந்து எழுத்துச் சொல்லை வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் 'ர'வை முதல் ஆறில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் நாள் மேல்விலங்கு (ி) சேர்ந்தால் கரடி, படி, கிடாரி. ஒரு வாரத்துக்குள் முப்பது சொல்லாவது கையில் இருக்கும். அ முதல் ஔ வரை முடித்துவிட்டுத்தான் மெய்க்குப் போவேன் என்றால் அதே ஒரு வாரத்தில் பிள்ளையிடம் ஒரு சொல்கூட இருக்காது.

பாடவேளை இப்படிப் போகும். முதலில் பேச்சு. கரடி பார்த்திருக்கிறீர்களா, எங்கே பார்த்தீர்கள் என்று இரண்டு நிமிடம். பிறகு சொல்லைத் தட்டிப் பிரிப்பது: க-ர-டி, மூன்று கைத்தட்டல். பிறகு எழுத்து அட்டைகளை அடுக்கிச் சொல்லை உருவாக்குவது. பழைய தினசரி காலண்டரின் பின் அட்டையை வெட்டினால் நல்ல கெட்டியான எழுத்து அட்டைகள் கிடைக்கும். பிறகு ஒரு எழுத்தை மாற்றுவது: 'படம்' இருக்கிறது, 'ட'வை எடுத்துவிட்டு 'ழ' வைத்தால் என்ன ஆகும்? கடைசியில்தான் எழுதுவது. மணலில், புளியங்கொட்டையில், பிறகு நோட்டில். நோட்டை முதலில் கையில் கொடுத்தால் படம் வரைவதுபோல எழுத்தை வரைந்துவிட்டுப் போய்விடும், ஒலி மனதில் ஏறாது.

மூன்று இடங்களில் நம் பிள்ளைகள் தவறாமல் இடறுகிறார்கள்.

ஒன்று, கொம்பு. ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளையின் கண் முதலில் கொம்பைப் பார்த்துத் திகைக்கிறது. "கொம்பப் பார்த்தா நில்லு, பின்னாடி வர்ற எழுத்தப் பாரு, காலு இருக்கான்னு பாரு, அப்புறம் வாயத் திற" என்று ஒரு பழக்கமாகவே சொல்லிக்கொடுங்கள். ஒற்றைக் கொம்பை (ெ) முழுதாகப் பழக்கிய பிறகே இரட்டைக் கொம்பு (ே). இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் இரண்டும் குழம்பும். ஒலி வேறுபாட்டைக் காதுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணுக்குக் கொடுங்கள்: எடு, ஏடு. கொடு, கோடு.

இரண்டு, உகரம். மற்றக் குறிகள் எல்லா மெய்யோடும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டும். உகரமும் ஊகாரமும் (உ, ஊ ஒலிக்கான குறிகள்) அப்படியில்லை. உகரத்தைப் பாருங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு, ஙு கீழே கோடு இறங்கும் குடும்பம். து, நு, ணு, று, லு, னு, ஞு இன்னொரு குடும்பம். இதைக் குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுத்தால் மூன்று நாள் போதும். வரிசையாகக் கு, ஙு, சு என்று போனால் மூன்று மாதமானாலும் 'மு'வும் 'பு'வும் கலங்கிக்கொண்டே இருக்கும். ஙு, ஞு வரும் சொல் பிள்ளையின் வாயில் ஏது? அவற்றைத் தள்ளிவையுங்கள்.

மூன்று, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. கல், தங்கம், பகல் மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பல்லில் வரும் 'ப' வேறு, தம்பியில் வரும் 'ப' வேறு. த-ங்-க-ம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்த்தால் தங்கம் என்ற ஒலி வராது. அது தெரிந்த சொல் என்று மனம் பிடித்துக்கொண்டால்தான் வாய் சரியாகச் சொல்லும். அதனால்தான் முதல் மாதம் முழுக்கப் பிள்ளையின் வாயில் ஏற்கனவே புழங்கும் சொற்களை மட்டும் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, இந்தியோ, ஒடியாவோ பேசும் பிள்ளைக்கு இந்தப் பிடி கிடையாது. அந்தப் பிள்ளைகளிடம் எழுத்துக்கு முன்னால் பேச்சு. தினமும் பத்து நிமிடம் படத்தைக் காட்டித் தமிழில் பேசவிட்டு, அவர்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று வகுப்புக்கே சொல்லித்தரச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் வாய் திறந்துவிடுவார்கள்.

படி 5: சொல் குழு

இந்தக் குழுவுக்கு எழுத்து தெரியும். கூட்டி வாசிக்கத் திணறுவார்கள், வரியைக் கண்டால் பயப்படுவார்கள். இவர்களுக்குப் பாடப்புத்தகத்தைவிடச் சிறந்த பாடம் அவர்கள் பேச்சுதான். நேற்று என்ன நடந்தது என்று ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்லி, அதைக் கரும்பலகையில் எழுதுங்கள். "எங்க ஆடு குட்டி போட்டுச்சு. ரெண்டு குட்டி. ஒண்ணு கறுப்பு." தான் சொன்ன வாக்கியம் என்பதால் அடுத்த சொல் என்ன என்று பிள்ளைக்குத் தெரியும், எழுத்தும் தெரியும். இரண்டும் சேரும் இடத்தில் வாசிப்பு பிடிபடுகிறது.

பேச்சுத் தமிழை அப்படியே பலகையில் எழுதலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். எழுதலாம் என்பது என் முடிவு. முதல் வாரம் அப்படியே எழுதுங்கள். இரண்டாம் வாரம் பக்கத்திலேயே "எங்கள் ஆடு குட்டி போட்டது. இரண்டு குட்டிகள். ஒன்று கறுப்பு" என்று எழுதி, இரண்டையும் வாசிக்கவிடுங்கள். 'இருக்கு' என்று பேசும் பிள்ளைக்கு 'இருக்கிறது' என்பது அறியாத சொல், அதைக் கூட்டி வாசித்தும் பொருள் தோன்றாமல் நிற்கும். 'புத்தகத்துல இப்படி எழுதுவாங்க' என்று ஒரு பாலத்தைப் போட்டுவிட்டால் பாடப்புத்தகத்தின் பாதிச் சொற்கள் தாமாகப் புரிந்துவிடும்.

தினமும் அந்த நாலைந்து வரியை முதலில் நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு இரண்டிரண்டு பேராக, கடைசியில் தனியாக. தனியாக வாசிக்கச் சொல்வதை முதலில் வைத்தால் பயந்த பிள்ளை வாயைத் திறக்காது. பலகையில் எழுதியதைப் பழைய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். இடைவேளையில் அவர்களே போய் வாசித்துக்கொண்டிருப்பார்கள். தங்கள் ஆடு சுவரில் இருக்கிறதே!

படி 6: பத்தியும் கதையும்

இங்கே வேலை குறைவு, புத்தகம் நிறைய வேண்டும். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த சின்னப் புத்தகங்களைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடியில் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஆய்வுக்கு வரும்போது புதிதாக இருக்க வேண்டும் என்று பூட்டிவைத்த புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை.

பொருள் புரிகிறதா என்பதை இங்கே கவனியுங்கள். பதிலைக் கோடிட்டுக் காட்டும் கேள்வி வேண்டாம். "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?", "அது ஏன் அழுதுச்சு?" என்று கேளுங்கள். கதையில் நேராகச் சொல்லாததைப் பிள்ளை சொன்னால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாக் குழுவுக்கும் சேர்த்து, நாளின் கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எழுத்துக் குழுப் பிள்ளையும் கதைக்காக ஏங்க வேண்டும், அந்த ஏக்கம் பாதி வேலையைச் செய்யும்.

படி 7: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்

ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி போட்டு ஒரே வரி: "கொம்பு வந்துவிட்டது, உகரத்தில் 'து' குழம்புகிறது." இது உங்களுக்கான நோட்டு, மேலே யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. துறையின் செயலியில் ஏற்ற வேண்டியதை அதன் நேரத்தில் ஏற்றுங்கள், இந்த நோட்டை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்பது தேசிய அளவில் வைத்த இலக்கு. ஒரே பிள்ளையின் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட அந்த எண் உதவும். ஆனால் 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது தமிழில் ஒரே சொல். பல மொழிகளுக்கும் பொதுவாக வைத்த எண்ணை வைத்து நம் பிள்ளையை வேகம் போதாது என்று விரட்டக் கூடாது. விரட்டினால் பழையபடி ஊகித்து ஓடத் தொடங்கிவிடும்.

நான்கு வாரம் ஆகியும் ஒரு பிள்ளை நகரவில்லையென்றால் முறையை மாற்றுங்கள், பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வருகையை மறுபடி பாருங்கள். பிறகு கண், காது. பிறகு ஆறு எழுத்துக்குப் பதில் மூன்று எழுத்து, அதுவும் அந்தப் பிள்ளையின் பெயரில் உள்ளவை. அப்போதும் எழுத்து மனதில் நிற்கவில்லை, நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் இந்த நோட்டைக் காட்டுங்கள். "படிக்க மாட்டேங்கிறான்" என்று சொல்வதைவிட எட்டு வாரக் குறிப்பு அவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

பார்த்து எழுதச் சொல்வதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை பத்துப் பக்கம் அழகாகப் பார்த்து எழுதும். அந்தப் பையன் நோட்டிலும் கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

படி 8: வீடும் ஊரும்

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் இதில் பங்கு எடுக்க முடியும். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது நம்பாமல் பார்ப்பார்கள். "அக்கா, நீங்க படிக்க வேணாம். சோறு பொங்கும்போது பக்கத்துல உட்கார வெச்சு அஞ்சு நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்க. முடிச்சதும் 'என்ன கதைடா அது'ன்னு மட்டும் கேளுங்க" என்று சொல்லுங்கள். பிள்ளையால் கதை சொல்ல முடிந்தால் வாசித்திருக்கிறது. தெரியாத அம்மாவுக்குத் தான் சொல்லித்தருகிறோம் என்ற எண்ணம் பிள்ளைக்கு ஒரு நிமிர்வைக் கொடுக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசி முடித்த பிறகு பத்து நிமிடம் பிள்ளைகளை வாசிக்கவிடுங்கள். முன்னேறிய பிள்ளைகளை, அதாவது ஜூனில் எழுத்தில் நின்று இப்போது சொல்லுக்கு வந்தவர்களை வாசிக்கவையுங்கள். முதல் மதிப்பெண் பிள்ளைகள் எப்போதும் மேடையில்தான் இருக்கிறார்கள். மாலை மையம் உள்ள ஊரில் தன்னார்வலரிடம் நோட்டைக் காட்டி, இந்த வாரம் எந்தக் குழுவுக்கு எந்த எழுத்து என்று சொல்லிவிடுங்கள். காலையில் நீங்கள் உகரமும் மாலையில் அவர் ஐகாரமும் எடுத்தால் பிள்ளைதான் திண்டாடும்.

ஏப்ரலில் இன்னொரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளையின் பக்கத்தை நோட்டிலிருந்து நகலெடுத்து, ஆறாம் வகுப்பு சேரப்போகும் பள்ளியின் தமிழாசிரியரிடம் நேரில் கொடுங்கள். அங்கே நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் இவன் மறுபடி கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தால், முதல் நாளே அவர் கண்டுபிடித்து முன்னால் கூப்பிட வேண்டும். நான் சொன்ன பையன் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது அவன் பக்கத்தில் கடைசியாக எழுதியது இது: "கதை வாசிக்கிறான், பொருள் சொல்கிறான். 'ழ' இன்னும் 'ள'வாகத்தான் வருகிறது. நீளமான சொல் வந்தால் நிற்பான், கொஞ்சம் காத்திருங்கள், வாசித்துவிடுவான்."